கடிக்காதுங்க

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
உச்சபரம்புமேட்டிலிருந்து பனங்காடி வரை
நான் கணக்கெடுக்க வேண்டியது முன்னூற்றுப் பதினாறு மீட்டர்.
வீட்டு எண் மனதில் நிற்பதில்லை.
குரைப்பை வைத்துத்தான் கதவைத் தெரியும்.

கேட்டைத் தட்டினால் முதலில் நாய் வரும்,
பின்னாலேயே அந்தச் சொல்:
கடிக்காதுங்க.
எல்லா வீட்டிலும் ஒரே கடையில் வாங்கியது போல
அதே சொல்.

கோட்டைச்சாமி பட்டாளத்தில் இருந்தவர்.
அவருடைய ராஜபாளையம்
சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி உட்கார்ந்திருக்கும்.
பிரம்பு ஆணியில் தொங்கும்.
அதை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான்
நாய் என்னைப் பார்க்கும்.
"அடியாத மாடு படியாது தாயி" என்பார்.
மாடு எதுவும் அவர் வளர்த்ததாகத் தெரியவில்லை.

எதிர்வீடு ரோஸ்லின் மிஸ்.
இடுப்புப் பையில் அவித்த கோழித் துணுக்கு,
கையில் ஒரு பொத்தான்.
டிக் என்றால் சரி என்று அர்த்தமாம்.
அவருடைய லேப்ரடார் உட்காரும், கை கொடுக்கும்,
நான் மீட்டர் பெட்டியை நோக்கி நகர்ந்ததும்
கழற்றிவிட்ட என் செருப்பின் மேல் படுத்துக்கொள்ளும்.
"பயந்து படிச்ச பாடம் நிக்காதும்மா."

"கறி தீந்துபோனா?" என்று இந்த மாடியிலிருந்து.
"பிரம்பு முறிஞ்சா?" என்று அந்த மாடியிலிருந்து.
நடுத்தெருவில் நான்,
யூனிட்டைக் குறித்தபடி
இருவருக்கும் பொதுவாக ஒரு தலையாட்டு.

ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் சண்டையில்லை.
விடிகாலை காலிமனைக்கு நாயைக் கூட்டிப்போவதும்
திரும்பிப் பார்க்காமல் வருவதும்.

போதுமணியின் சிப்பிப்பாறை மொட்டை மாடியில்.
காற்றைக் கிழிக்கும் சாதி என்பான்.
சங்கிலி நாலடி.
அந்த நாலடியைத்தான்
அது காலையிலிருந்து கிழித்துக்கொண்டிருக்கும்.

என்னைக் கடித்தது இவை எதுவும் இல்லை.

கிரானைட் கேட் போட்ட நவமணி வீடு.
மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து செம்பட்டையாய் ஒன்று,
குரைக்கவே இல்லை.
கெண்டைக்காலில் பல் இறங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.
அறுந்த கயிறு ஒரு சாண் தொங்கியது.
கழுத்தைச் சுற்றி மயிரே இல்லாத ஒரு வளையம்.

போதுமணிதான் ஓடிவந்து
குழாயைத் திறந்துவிட்டான், சோப்புக் கொடுத்தான்.
நுரை சிவப்பாய் வழிய,
"நாலு போட்டு வளத்திருந்தா இப்படி ஆகுமா?"
"நாலு போட்டதாலதான் சார் இப்படி!"
காலைக் கழுவி முடிக்கிற வரை
அவர்கள் முடிக்கவில்லை.

நவமணி கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.
"அது எங்க நாய் இல்லைங்க.
பாவம்னு சோறு வைப்போம், அவ்வளவுதான்."

சித்திரையில் அந்த வீட்டுப் பையன்
ஒரு கைக்குள் அடங்குகிற குட்டியைத் தூக்கிக் காட்டினான்.
டைசன் ஆன்ட்டி, என்றான்.
கடிக்காது ஆன்ட்டி.

பெரியாஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர்.
சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்:
"வளர்ப்பு நாயா, தெரு நாயா?"
வாய் வரைக்கும் இரண்டும் வந்தன.
"சொல்லும்மா, பின்னாடி ஆள் நிக்குது."
பேனா காத்திருந்தது.
தெரு, என்றேன்.
இரண்டு தோளிலும் ஊசி,
மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்.

அடுத்த கணக்கெடுப்புக்குப் போனபோது
அந்தச் செம்பட்டை தெருவில்,
எங்கள் மின்கம்பத்தின் மெலிந்த நிழலில் கிடந்தது.
கயிறு இல்லை. வளையம் இருந்தது.
பத்தடி தள்ளி நின்று,
எதற்கென்று தெரியாமல், கூப்பிட்டேன்:
டைசன்.

காது விறைத்தது. சட்டென எழுந்தது.
என்னைப் பார்க்கவில்லை,
கேட்டைப் பார்த்தது.

பார்த்துக்கொண்டே நின்றது.

கதவு பூட்டு, என்று குறித்துவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனேன்.