வரவுப் பக்கம்

கால்பந்து என்று பெயர்.
கால் படுவதோ எப்போதாவது.
மற்ற நேரமெல்லாம் தோள், முழங்கை, பல்.

வாரம் முழுக்கச் சவரக்கடை எனக்கு.
ஞாயிறு மதியம்
கால்டர் ஃபோர்ஜ் அணியின் பொருளாளன்.
எல்லைக்கோட்டோரம் தொப்பி ஏந்தி நடப்பேன்.
சில்லறை விழும், சட்டைப் பொத்தானும் விழும்,
ஒருமுறை கிழிந்த டிராம் சீட்டு.

அக்டோபர், 1915:
திரு. பார்ன்ஸ், பத்து டாலர், ரயில் கட்டணம் தனி.
நவம்பர்:
திரு. கிளே, பன்னிரண்டு.
அதே மாதக் கடைசி:
திரு. மர்ஃபி, பதினைந்து. பூட்ஸ் ஆணிக்கு முப்பது சென்ட்.

மூவரும் ஒரே ஆள்.
சனிக்கிழமை கல்லூரிக்காகச் சும்மா ஆடுவான்,
ஞாயிறன்று எங்களுக்காகக் கூலிக்கு.
காசு வாங்கியது தெரிந்தால்
பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவார்கள்.
அதனால் ஆட்டத்துக்கு ஒரு பெயர்,
கன்னத்தில் கொஞ்சம் கரி.

அவன் எப்படி ஓடுவான் என்று கேட்காதீர்கள்.
நான் பார்த்ததெல்லாம் தொப்பிக்குள்.
கூட்டம் கத்தும், நிமிர்வேன்,
அதற்குள் அவன் சேற்றில் கிடப்பான்,
மேலே ஒன்பது பேர்.

ஆனால் அவன் தலை எனக்குத் தெரியும்.
ஆட்டத்துக்கு முன் முடி வெட்டிக்கொள்ள வருவான்.
உச்சியில் இரட்டைச் சுழி,
ஒன்று வலம், ஒன்று இடம்.
எந்தச் சீப்புக்கும் மசியாது.

அடுத்த ஆண்டு மில்பரோவுடன் ஆட்டம்.
எங்கள் மர்ஃபி வரவில்லை.
அவர்கள் பக்கம் புதிதாக ஒரு திரு. டான்.
மூன்றாம் கால்பகுதியில் அந்த டான்
எங்கள் எல்வுட் ஸ்ப்ராக் மீது பாய்ந்தான்.
விலா முறிந்த சத்தம்
தொப்பிக் காசின் சலசலப்பைத் தாண்டிக் கேட்டது.
எழுந்தவன் தோல் கவசத்தைக் கழற்றினான்.

சுழி இரண்டு.

நான் கத்தவில்லை.
எந்தப் பெயரைச் சொல்லிக் கத்த?
மில்பரோ இருபத்தைந்து கொடுத்திருந்தது.
அந்த விலைக்கு நானே
கத்தியையும் சோப்புக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு
மில்பரோவுக்குப் போயிருப்பேன்.

இரவு பத்து மணிக்குப் பின்கதவைத் தட்டினான்.
கண்ணாடிக்குக் கீழே இருபத்தைந்தையும் வைத்தான்,
மடிப்புக்கூடக் கலையாமல்.
"ஸ்ப்ராக்கின் டாக்டருக்கு."
யார் கொடுத்ததாக எழுத என்று
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.
பேனாவைப் பிடுங்கி அவனே எழுதினான்,
தேர்வெழுதும் பையனைப்போல் அழுத்தி அழுத்தி:
அலோய்ஸ் ஹ்ரூபெக்.
மை அடுத்த பக்கத்துக்கும் ஊறியிருந்தது.

பிறகு ஐந்தாறு வருடம் எங்கெங்கோ ஆடினானாம்.
தோள் இறங்கியதும்
ஏக்ரனில் டயர் ஆலைக்குப் போனானாம்.
சொன்னவன் பொய் சொல்லக்கூடியவன்தான்.

போன மாதம் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார்,
ஹ்ரூபெக் உங்களுக்கு எத்தனை ஆட்டம் ஆடினார் என்று.
பேரேட்டைத் தூசி தட்டிப் பார்த்தேன்.
செலவுப் பக்கத்தில் அப்படி ஒருவன்
ஒருநாளும் ஆடவில்லை.
வரவில் ஒரே ஒரு வரி.

டாக்டர் வாங்கியது பதினொன்று.
மீதிப் பதினான்கு
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.