மவுசாக்கலை, நீர் இறங்கிய பங்குனி

ஏற்றம் ஒன்றும் கிடையாது, வா என்றாள் ரஞ்சிதமலர்.
நேற்றுப் பதினெட்டுக் கிலோ கொழுந்துக்காக
மலை ஏறி இறங்கிய கால்களுக்கு
சேறு காய்ந்த சமதரை சொகுசுதான்.
பாளம் பாளமாய் வெடித்த மண்ணில்
செருப்பு சடக் சடக்கென்கிறது.
போனில் வரைபடத்தைத் திறந்தால்
நீலத்துக்கு நட்டநடுவே நிற்கிறேன்.
"முங்கிட்டோம்டி" என்று சிரிக்கிறாள்.

கோயில் தூண்கள் நான்கு.
ஒன்றில் கரிக்கட்டியால் யாரோ விக்கெட் வரைந்திருக்கிறார்கள்.
பள்ளிவாசல் சுவரில் நத்தை ஓடுகள்,
ஆள் உயரத்துக்கும் மேலே.

கூரையில்லை. சாமியை அப்போதே
மேட்டுக்குக் கொண்டுபோயாயிற்று.
இருந்தும் படியில் அவள் செருப்பைக் கழற்றினாள்.
நானும்.
சுவர் இடிந்த பக்கமாய் நுழையலாம்தான்,
வாசல் நிலையைக் குனிந்தே கடந்தோம்.
உள்ளே யாரோ தின்ற கச்சான் கோது,
ஒரு தவளை.

திரும்புகையில் இருட்டிவிட்டது.
மேலே லயத்தில் ஒரு விளக்கில்லை.
ஊர் வெளியே வந்தால் கரண்ட் போகும்,
தெரிந்ததுதான்.
டோர்ச்சை என் காலடிக்குப் பிடித்தபடி சொல்கிறாள்:
"இது கடைத்தெருவா இருந்திருக்கும்.
ஓரமா நட,
பஸ் வரும்."