மூன்றாம் தவணை

கந்திகுப்பம் மாங்கூழ் ஆலையில்
லாரி நம்பர் கூப்பிடுவது என் வேலை.
சீசனில் நூற்றிருபது வண்டி ரோடு வரைக்கும் நிற்கும்.
எழுபத்தொன்பது எடைமேடைக்கு வரட்டும் என்றால்
டீக்கடை பெஞ்சில் கண்ணயர்ந்த டிரைவரும்
செருப்பைத் தேடுவான்.
அப்படியொரு குரல். கொஞ்சம் மணல் கலந்தது.

அதைக் கேட்டுத்தான் பைரேஷ் வந்தான்.
ஓசூரில் பாகலூர் ரோடு, மாடியில் ஓர் அறை,
சுவரெல்லாம் முட்டை அட்டை.
நானூறு வாக்கியம், நாலாயிரம் ரூபாய்.
தமிழ் மட்டும் போதும் என்றான்.
"தபால்காரர் மூன்று பூட்டு வாங்கினார்" என்று படித்தேன்.
"கூழாங்கல் மழைக்கு முன்பே குளிர்ந்திருந்தது" என்று படித்தேன்.
யார் எழுதியதோ,
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒட்டவே இல்லை.
சளி பிடித்தால் மட்டும் வராதீங்க என்றான்.

"சொல்லை உரிச்சு எடுத்துரும் அக்கா,
மிச்சம் இருக்கறதுதான் நீங்க.
அதை எந்த மொழிமேல வேணா பூசலாம்."

நான் கேட்டேன்:
பெங்களூராவையும் அல்போன்சாவையும்
ஒரே டிரம்மில் கலந்து மூடியபின்
எது சாறு, எது மணம் என்று பிரிப்பாயா?
சிரித்தான். ஒரு பொத்தானை அழுத்தினான்.

நான் கன்னடம் பேசினேன்.
நான் இந்தி பேசினேன்,
தமிழ் எழுத்தில் இடமே இல்லாத ஒலிகளை
வயிற்றிலிருந்து தள்ளி, மூச்சு வாங்காமல்.
பிறகு தெலுங்கு.

அங்கேதான் நாற்காலியில் நெளிந்தேன்.
தெலுங்கு என் வீட்டு மொழி.
வேப்பனப்பள்ளித் தெலுங்கு. படிக்க வராது,
சண்டை போட வரும்.
என் குரலுக்குள் உட்கார்ந்திருந்தவளோ
இஸ்திரி போட்ட தெலுங்கில்
'தன்யவாதாலு' என்கிறாள்.
எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும்
அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.
எதற்கு, எங்கே என்று கேட்கவில்லை.
பணத்தில் மிக்சி வாங்கினேன்.

அடுத்த சீசன் தொடங்கிய வாரம்
குப்பத்திலிருந்து போன்.
வெங்கடலட்சுமி, என் அக்கா.
கிணற்றுப் பங்கில் முறைத்துக்கொண்டு மூன்று வருடம்.
இரண்டு கல்யாணம், ஒரு கருமாதி,
எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து
ரசத்தைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தவர்கள்.

"ஏமே, நன்னு மீரு அண்ட்டாவா?"
எடுத்ததும் அதுதான்.
என்னைப் போய் 'நீங்க' என்கிறாயா.

மாட்டுக் கடன். மூன்றாம் தவணை பாக்கி.
காலை ஏழு மணிக்கு நான் கூப்பிட்டேனாம்.
பெயர் சொல்லி, தொகை சொல்லி, கடைசித் தேதி சொல்லி
தயவுசெய்து செலுத்துங்கள் என்றேனாம்.
எப்படி இருக்கே என்று கேட்டாளாம்;
தொகையைத் திரும்பச் சொன்னேனாம்.
அழுதாளாம்; தேதியைத் திரும்பச் சொன்னேனாம்.
சரி, மோட்டாரை நீயே வெச்சுக்கோ,
தண்ணி மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திருப்பு என்றாளாம்.
சம்மதம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும் என்றேனாம்.
அழுத்தினாளாம்.

"அது நான் இல்லேக்கா, மெஷின்."
"உன் குரல் எனக்குத் தெரியாதா?"
"குரல் என்னுது. பேசினது நான் இல்ல."

அந்தப் பக்கம் மாடு கத்தியது.
கடன் மாடாகத்தான் இருக்கும்.

"அப்போ நான் மோட்டார் பத்திச் சொன்னது?"

வெளியே ஹாரன் மேல் ஹாரன்.
எடைமேடை காலியாகி எவ்வளவு நேரமோ.
யாருக்கும் கேட்கவில்லை அக்கா,
அதற்குக் காதே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"கேட்டுச்சு" என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ரோடு வரைக்கும் நின்ற அத்தனை லாரிக்கும்
எங்கள் கிணறு கேட்டிருக்கும்.