நீர்மட்டம்

கார்த்திகை பதினெட்டு. ஒரே இரவில்
நூற்று நாற்பது மில்லிமீற்றர்.
என் வாசலில் ஒரு சொட்டும் இல்லை.
படலை தாண்டியதும் முழங்கால்.
செருப்பைக் கையில் பிடித்தபடி
நகரசபைக்கு நடந்தேன்,
வடிகான் பகுதி நான்தான் என்று
வழியில் யாருக்கும் சொல்லாமல்.

அனுராதபுரச் சந்தியில் ஒரு ஓட்டோ
மிதப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.
பேக்கரிப் படியில் மூன்று மான்கள்,
பாண் வாங்க வந்தவை போல.

எங்கள் கான்கள் எல்லாம் நேர்கோடு.
நான் கீறியவை.
அடியில் கொங்கிறீற்று, மேலே மூடி.
தண்ணீரைப் பார்த்து
கெதியாய்ப் போ, கெதியாய்ப் போ
என்பதைத் தவிர வேறு பேச்சு அறியாதவை.
அதுவும் போனது.
போன இடத்தில்
வாடைக்காற்று கடலை நிமிர்த்தி வைத்திருந்தது,
கழிமுகத்தை மணல் அடைத்திருந்தது.
திரும்பி வந்த தண்ணீர்
எங்கள் ஒழுங்கையில்
கதவு கதவாய்த் தட்டாமல் நுழைந்தது.

பக்கத்து வீட்டு ஜெஸீமாவின் பிரிட்ஜ்
கட்டிலின் மேல்.
கட்டில் நாலு சீமெந்துக் கல்லின் மேல்.
"கான் போட்ட ஆளைக் கண்டாச் சொல்லுங்க,
அவருக்கும் ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கன்."
கண்டால் சொல்கிறேன் என்றேன்.

மழை விட்ட தையில்
பழைய நில அளவைப் படத்தை விரித்தேன்.
எங்கள் ஒழுங்கை இருக்க வேண்டிய இடத்தில்
பச்சை மையில் ஒரு கறை:
கோரைத்தரவை.
ஓரத்தில், கடல் பக்கம், கண்டல்.
யாரோ ஒருவன் பொறுமையாய்
ஒவ்வொரு கோரையாய்க் கீறியிருந்தான்.

திட்டம் எழுதினேன்.
மூடியைக் கழற்று. கொங்கிறீற்றை உடை.
கானை வளைத்து விடு, புல் முளைக்கட்டும்.
கழிமுகத்தில் ஆயிரத்து இருநூறு கண்டல் கன்று.
தரவையில் மிஞ்சியதைத் தோண்டு,
தண்ணீர் வந்தால் இருக்க ஓர் இடம் கொடு.
எழுத எளிது.

மட்டக்கருவியை முக்காலியில் ஏற்றி
குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினேன்.
அளவுகோலைத் தூக்கிக்கொண்டு
நிமல்சிறி தள்ளித் தள்ளிப் போனான்.
ஒன்று அறுபது. ஒன்று எழுபத்தைந்து.
ஒன்று தொண்ணூறு. நிலம் இறங்கிக்கொண்டே போனது.
பிறகு, சட்டென்று, பூச்சியம் தொண்ணூற்றைந்து.
"என்ன மிஸ், இந்த இடத்தில நிலம் துள்ளுது?"

இருபத்திரண்டு லோட் கிறவல்.
வங்கிக் கடனில், இரவிரவாக,
நானும் சுகிர்தனும் டோர்ச் பிடித்துக் கொட்டுவித்தது.
மஞ்சள் பெயின்ற் மதில்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
ஜெஸீமாவின் கட்டில்.

அளவுப் புத்தகத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எழுதினேன்.
தண்ணீருக்கு முன்பே தெரியும், நான்தான்
கடைசியாய் அறிந்தேன்.

பின்வளவு முழுக்க வெட்டினோம்.
மதில் விழுந்த அன்று சுகிர்தன் பேசவில்லை,
அடுத்த நாளும்.
கன்றுகளில் ஆடு தின்றது போக,
அலை பிடுங்கியது போக,
நானூற்றுச் சொச்சம்
ஆளுக்கு நாலு இலையோடு நிற்கின்றன.
படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள்;
எடுத்தால் சேறுதான் தெரிகிறது.

மறுபடி கார்த்திகை.
குசினிக் கதவைத் திறந்தால்
மூன்றாம் படிவரை தண்ணீர்,
பழுப்பு நிறத்தில், அசையாமல்.
ஒரு கொக்கு எங்கள் உடுப்புக் கொடியின் கீழே
தன் காணி போல நடந்தது.

ஜெஸீமா வீட்டுத் தரை ஈரம், அவ்வளவுதான்.
பிரிட்ஜ் தரைக்கு இறங்கியிருந்தது.
கட்டில் இன்னும் கல்லின் மேல்.
ஏன் என்று கேட்டேன்.
"இன்னும் ரெண்டு மாரி போகட்டும்" என்றாள்,
என் முகத்தைப் பார்த்து,
கான் போட்ட ஆள் யாரென்று
எப்போதோ தெரிந்தவள் போல.