பின்கதை இல்லாத மோகினி

யீஷூன் கார்ப்பேட்டை, ஐந்தாம் தளம்.
இரவு ஒன்றரை.
எனக்கு இன்று மூன்று கொலைகள்.

வெள்ளைச் சேலையின் விலைச்சீட்டு
முதுகில் குத்துகிறது.
ரத்தம் படாமல் கொல்லச் சொன்னார்கள்:
ஞாயிறன்று தேக்காவில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
ரத்தம் என்பது ரோஸ் சிரப், கொஞ்சம் கோப்பித் தூள்.
எறும்புகள் மட்டும் நம்பிவிட்டன.

கொலுசு மணிகளுக்குள் பஞ்சு.
சத்தம் கேட்டால் எதிர் புளோக்கிலிருந்து
போலீசுக்குப் போன் போகும்.
"நட, ஓசையைப் பிறகு சேர்த்துக்கலாம்."
ஒரு டொயோட்டாவுக்கும் தூணுக்கும் நடுவே
ஊமைக் கொலுசோடு
மயக்கி மயக்கி நடந்தேன்.

காவலாளியாக வந்தவர் பரணிதரன்,
பகலில் மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
"ஏழு மணிக்கு ஷிப்ட்,
முதலில் என்னைக் கொன்றுவிடுங்கள்."
கழுத்தில் கைவைத்தால் கூச்சத்தில் சிரிக்கிறார்.

இவள் ஏன் பழிவாங்குகிறாள் என்று கேட்டேன்.
நவநீதன் பக்கங்களைப் புரட்டினார்.
பின்கதை இருந்ததாம்:
ஒரு கல்யாணத் தேதி, மழை, கிணறு.
இந்தத் தீவில் கிணற்றுக்கு எங்கே போவது?
மழைக்கு லாரி வேண்டும்.
வெட்டியதில் ஆயிரத்து இருநூறு வெள்ளி மிச்சம்.
"காரணம் வேணாம். பேய்தானே.
நீ பாரு, போதும்."

பார்த்தேன்.

நான்காவது டேக்கில்
ஃபோகஸ் பிடித்த ஹக்கீம் ஓரடி பின்னால் போனான்.
படம் நடுங்கியது.
இலவசமாகக் கிடைத்த நடுக்கம்,
வைத்துக்கொண்டார்கள்.

"யாரை நினைச்சே?"
சொன்னேன்:
புளோக், மாடி, கதவு எண்,
வாசலில் கிடக்கும் செருப்புகளின் நிறம்.
எல்லாரும் சிரித்தார்கள்.
செத்துக்கிடந்த பரணிதரன் மட்டும்
கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஐந்தரைக்கு முதல் பஸ்.
தாடையில் காய்ந்த சிரப், முடியாத கூந்தல்.
நின்றவர்கள் நின்றபடியே வந்தார்கள்,
என் பக்கத்து இருக்கை காலி.
இத்தனை வருடத்தில்
பஸ்ஸில் முதல்முறையாகக்
கால் அகட்டி உட்கார்ந்தேன்.
குனிந்து பஞ்சை எடுத்தேன்,
ஒவ்வொரு மணியாக.

அந்த நிறுத்தம் வந்தது.
நான்காம் மாடியில் விளக்கு.
துணிக்கம்பில், புதிதாக,
குழந்தைச் சட்டைகள்.
சிவப்புப் பொத்தானில் என் விரல் இருந்தது.
அழுத்தியது வேறு யாரோ.
கதவு திறந்தது.
ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்
காத்திருந்தார்.

சேலையை நினைத்தேன்.
ஞாயிறன்று திருப்பிக் கொடுக்க வேண்டும்.