மீன் நாக்கு

மார்ச் மாதம் எங்கள் தீவில்
பிள்ளைகளுக்கும் சம்பளம் உண்டு.
துறைமுகக் கொட்டகையில்
காட் மீன் தலைகள் மலையாகக் குவியும்.
பலகையில் நட்ட இரும்பு முள்ளில்
தாடையோடு தலையைக் குத்தி நிறுத்தி
ஒரே இழுப்பில் நாக்கை அறுக்க வேண்டும்.
வடக்கு நார்வேயில் இது சின்னக் கைகளின் வேலை,
கிலோ கணக்கில் காசு.
நாத்தனார் மகள் இங்வில்டுக்கு எட்டு வயது.
போன வருட நாக்குகளில்
ஒரு சைக்கிள் வாங்கிவிட்டாள்.

என் மகன் ஹால்வருக்குப் பத்து.
கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு
பக்கத்தில் நின்று பார்ப்பான்.
"இவனுக்குக் கத்தின்னா பயம்" என்று
எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.
அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

பிப்ரவரியில் அவன் டீச்சர் கேட்டாள்:
"கணக்குப் போடும்போது
ஒவ்வொரு வரிக்கும் ஏன்
என் முகத்தைப் பார்க்கிறான்?"

திரும்பி வரும் வழியெல்லாம் பனி.
கார்க் கண்ணாடியில் வைப்பர் ஆடியது.
இந்தப் பக்கம்: விடு.
அந்தப் பக்கம்: நான் செய்றேன்.
விடு.
நான் செய்றேன்.

கோபமாய்ச் சொன்னதே இல்லை.
ஷூ கயிற்றுக்குச் சொன்னேன்.
பால் டம்ளருக்கு, படகு முடிச்சுக்கு,
ரொட்டியில் வெண்ணெய் கிழிபட்ட காலைகளுக்கு.
பஸ் வந்துவிடும். இருட்டிவிடும்.
தலையைக் கோதிக்கொண்டே சொல்லியிருக்கிறேன்,
முத்தம் கொடுத்துக்கொண்டே.
நாளுக்குப் பத்து தடவை என்றால் பத்து வருடத்துக்கு
என்று பெருக்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை இங்வில்டுக்குக் காய்ச்சல்.
ஓட்டலுக்குச் சொன்ன சரக்கு பாதியில் கிடந்தது.
எடைபோட ஆளில்லாமல் மூன்று படகு காத்திருக்க,
கத்தியை அவன் கையில் திணித்து
"நீ பார்த்துக்கோ" என்று ஓடினேன்.
யோசித்துச் சொன்னதில்லை அது.
வழக்கமான அதே அவசரம்,
வேறு பக்கமாய்த் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேரம்.
திரும்பினால் முழங்கை வரை மீன் ரத்தம்,
மூக்கு நுனியில் ஒரு செதில்.
தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.
சிலது ஆழமாய், சிலது கோணலாய், ஒன்றிரண்டு கந்தலாய்.
என் வாய்க்குள் அந்த வாக்கியம்
கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்,
நிஜமாகவே, பல் பதிய.

"எத்தனை?" என்றேன்.

"நாற்பத்தொண்ணு. ஆறு வீணாப் போச்சு."
கத்தியைத் துடைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"போகல. நான்தான் வீணாக்கிட்டேன்.
முதல் ஆறு. அப்புறம் மணிக்கட்டைத் திருப்பணும்னு தெரிஞ்சுது."

இத்தனை வருடமாய்
டம்ளர் தானே விழுந்த வீடு எங்களுடையது.
கதவு தானே திறந்துகொண்டது,
சாவி தானே தொலைந்தது.
முதல் முறையாக ஒருவன்
ஒரு காரியத்தைத் தான் செய்ததாகச் சொல்கிறான்,
அதுவும் கெடுத்த காரியத்தை.
அந்த ஆறையும் தனியே வைத்திருந்தான்.
ஓட்டலுக்கு ஆகாது, நமக்கு ஆகும் என்றான்.
இரவு மாவில் பிரட்டிப் பொரித்தோம்.
கந்தலும் ருசியாகத்தான் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால்
நான் நல்ல அம்மா.

மறுநாள் காலை, நடையில்
நான்கு வயது தூராவின் ஜாக்கெட் ஜிப்
பாதி வழியில் மாட்டிக்கொண்டது.
ஹால்வர் குனிந்தான்.
என் குரலில், என் இழுவையில்,
தலையைக் கோதிக்கொண்டே சொன்னான்:
"விடு, நான் செய்றேன்."

காப்பிக் கோப்பையோடு சுவரில் சாய்ந்தேன்.

தூரா அவன் கையைத் தட்டிவிட்டாள்.
"என் ஜிப்."

பஸ் போய்விட்டது.
மூவரும் நடந்தே போனோம்,
அவள் கழுத்து வரை இழுத்துவிட்டிருந்தாள்,
ஒரு பல் தள்ளி, கோணலாக.