நாற்பத்தொன்றாம் ஆணி

சார்தீனியாத் தீவின் தென்மேற்கு ஓரம்.
ஈயத்துக்காகக் குடைந்த மலை.
சுரங்க வாயிலில் விளக்கறை, விளக்கறையில் பலகை,
பலகையில் அறுபத்திரண்டு ஆணி.
காலையில் ஆளுக்கொரு பித்தளை வில்லையைக்
கழற்றிக்கொண்டு உள்ளே போவார்கள்.
மாலையில் திரும்ப மாட்டுவார்கள்.
ஆணி வெறுமையாக இருந்தால்
ஆள் இன்னும் மலைக்குள் என்று பொருள்.

பொனாரியா ஸெர்ப்பி
பேரேட்டில் எண்ணுக்கு நேரே ஒற்றைச் சொல் எழுதுவாள்:
உஷீதோ.
வெளியே வந்தான்.
அவ்வளவுதான். அறுபத்திரண்டு முறை.
மை தீர்ந்த நாளில் பென்சிலால்.

அந்தப் பிப்ரவரியில் மிலானிலிருந்து இயக்குநர் வந்தார்.
கவிழ்த்த தள்ளுவண்டியின் மேல் ஏறி நின்று பேசினார்:
சிகரம் என்றார், உச்சி என்றார்,
ஏணியின் கடைசிப் படி என்றார்.
கேட்டு நின்றவர்களின் தொழிலோ
இறங்குவது.
முந்நூறு மீட்டர் ஆழத்தில்
எந்தக் கொடியை எங்கே நடுவது?
பின்வரிசையில் யாரோ இருமினார்.
இருமல் அங்கே நோயையும் சொல்லும்,
கருத்தையும் சொல்லும்.

அன்று மாலை
நாற்பத்தொன்றாம் ஆணி வெறுமை.
அந்தியோக்கோ முர்ஜா.
மலைக்கு அப்பால் தனியாக வசிப்பவன்.
ஆறு மணி. எட்டு மணி.
வடமேற்குக் காற்று தகரக் கூரையைப் பிய்க்கப் பார்த்தது.
தேடப் போன நால்வரும் வந்து
தங்கள் வில்லைகளை மாட்டிவிட்டு
அவள் முகத்தைப் பாராமல் போனார்கள்.
அவள் பேரேட்டை மூடவில்லை.
நாற்பத்தொன்றுக்கு நேரே முதல் எழுத்தை,
வெறும் ‘உ’வை எழுதி நிறுத்தியிருக்கிறாள்.
எழுபது ஆண்டு கழித்து அந்தத் தாளைப் பார்த்த எனக்கு
அது பிள்ளையார் சுழியாகத் தெரிந்தது.
பின்னால் ஒன்றும் எழுதப்படாத பிள்ளையார் சுழி.

விடிந்ததும் அவன் வந்தான்.
தலை சீவி, ரொட்டி மூட்டையோடு,
வேலைக்கு!
கடல் பக்கத்து வாயால் முந்தின மாலையே வெளியேறி,
குறுக்கு வழியில் வீடு போய்,
அவரை சூப் குடித்துத் தூங்கிவிட்டானாம்.
வில்லை சட்டைப்பையில்.

பொனாரியா அவனை ஓங்கி அறைந்தாள்.
பிறகு விளக்கைத் துடைத்துக்
கையில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம்
முறையான வாயால் வந்து முறையான ஆணியில் மாட்டினான்.
அவள் அந்த ‘உ’வை அடித்துவிட்டு எழுதினாள்:
ரியுஷீதோ.

முன்னால் ஒரே ஒரு ‘ரி’.
மறுபடி வெளியே வந்தான்.
இத்தாலியர் வாயில் அதற்கே
சாதித்தான் என்றும் பொருள்.
தேர்வில் தேறிய பையனுக்கும் அதுதான்,
பதமாகப் பொங்கி வந்த ரொட்டிக்கும் அதுதான்.
கேலியாக எழுதினாளா, அழுதுகொண்டே எழுதினாளா,
கையெழுத்தில் தெரியவில்லை.

தமிழில் சொல்ல வேண்டியவன் நான்.
வாகை சூடினான் என்றால்
யாரோ தோற்ற ஊரின் புகை அந்தப் பூவில் மணக்கிறது.
கரையேறினான்? கிட்டே வருகிறது,
ஆனால் அவன் நனைந்தது வியர்வையில்.
முடித்தான் என்று எழுதவே மாட்டேன்.
முடியும் என்றால் இயலும்,
முடியும் என்றால் தீர்ந்துபோகும்;
சுரங்க வாசலில் உச்சரிக்கத் தகாத சொல்.

மூன்று நாள்.
மறுபடி, திரும்ப, இன்னொரு முறை என்று
காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தவன்
‘மீண்டும்’ என்று எழுதிவிட்டு நின்றேன்.
எத்தனை ஆயிரம் முறை எழுதிய சொல்!
அதற்குள்ளிருந்து ஓர் ஆள்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவதை
இத்தனை நாள் பார்த்ததில்லை.

மீண்டான்.

பதிப்பாசிரியர் ஓரத்தில்
‘வெற்றி பெற்றான்?’ என்று கேட்டிருக்கிறார்.
அடுத்த பக்கத்தின் படத்தை அனுப்பிவைத்தேன்.
மறுநாள் மாலை, அதே கை, அதே மை:
உஷீதோ, உஷீதோ, உஷீதோ.
நாற்பத்தொன்றுக்கும் அதே சொல்தான்.
‘ரி’ கூட இல்லை.